நம்பர் ஒட்டாத கார்கள்

பழைய கார் என்றால் இந்த நாட்டில் இரண்டு கதை இருக்கு. ஒன்று, வசதியுள்ளவர்கள் ஆசைக்கு வாங்கி, மினுக்கி, ஞாயிற்றுக்கிழமையில் வெளியே எடுக்கிற கார். மற்றது, வேறு வழியில்லாமல் ஐம்பது வருசமாக ஓடிக்கொண்டே இருந்த கார். முதல் கதைக்கு விழா எடுக்கிறோம். இரண்டாவது கதை கராஜ் மூலைகளில் கிடந்து கறள் பிடிக்குது. இதுதான் எங்கட முறைப்பாடு.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடந்த ஒரு பழைய கார்ச் சந்திப்புக்கு நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். மோட்டார்ப் பந்தயம்தான் கருப்பொருள். அதுக்குப் பொருத்தமான ஊர்தான்: மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது அங்கேதான். மினிகளும் மொறிஸ் மைனர்களும் கதவில் வெள்ளை வட்டமும் நம்பரும் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. மொன்டி கார்லோ ரலியில் மினி 1964, 1965, 1967 என்று மூன்று முறை வென்ற கதை பெரிதாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பின்னேரம் இடியோடு மழை இறங்கியது. மலைநாட்டில் ஏப்ரல் மழை ஒன்றும் புதினமில்லை. ஆனால் பத்து நிமிசத்தில் பாதிக் கார்களுக்கு மேலே படங்கு ஏறிவிட்டது. 1968இல் நூர்பர்க்ரிங்கில் மழையும் புகாரும் மூடிக் கிடக்க, ஜாக்கி ஸ்டூவர்ட் நாலு நிமிசத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றார். அப்படிப்பட்ட விளையாட்டைக் கொண்டாட வந்தவர்கள் தூறலுக்கே படங்கு தேடியது எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான். பெயின்ற் வேலைக்கு எவ்வளவு செலவென்று தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள், அதுவும் விளங்குது.

படங்கு போடாத கார்களில் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வழியாக ஓடியே வந்த ஒஸ்ரின் ஏ40. அதில் நம்பர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அதோடு வந்த மெக்கானிக் ஐயா பொனற்றைத் திறந்து, டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இதுக்க ஈரம் பட்டா கரண்ட் பிளக்குக்குப் போகாது பிள்ளையள், வழியிலயே ஒழுகிப்போடும்" என்றார். வெள்ளத்துக்குள் இறங்கி ஏறினால் பிரேக்கை மெல்ல மிதித்தபடி கொஞ்சத்தூரம் ஓட வேண்டும், டிரம் காய்ந்தால்தான் பிடிக்கும் என்பதையும் சொல்லித்தந்தார். அன்றைக்கு நாங்கள் கேட்டதில் உருப்படியான மோட்டார்ப் பாடம் அதுதான்.

பிறகு கதை மண்ணெண்ணெய்க்குப் போனது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் கண்ணில் காண்பதே அரிது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் துளிப் பெற்றோல் வைத்து, காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புதுக் கார்களுக்கு இது சரிவந்திராது. ஏ40 போன்ற பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு, அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலக்கும் என்பதால் ஒயிலைக் கெதியாக மாற்றவும் வேண்டியிருந்தது. அந்தக் கார்களில்தான் பிரசவத்துக்குப் போனார்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சாமான் சட்டியோடு வயோதிபர்களை ஏற்றிப் போனதும் அவைதான்.

பந்தய வரலாறு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1951இல் ஒரு ஏ40 ஸ்போர்ட்ஸ் 21 நாளில் உலகத்தைச் சுற்றியது. கடல் வந்த இடங்களில் விமானத்தில் ஏற்றினார்கள். அதைப் பலகையில் எழுதலாம் என்றால், அதே வர்க்கக் கார் பெற்றோல் இல்லாமல் வருசக்கணக்காக ஓடியதையும் எழுதலாம்தானே? தாங்கும் சக்திக்கு இதைவிடப் பெரிய பரீட்சை எந்த ரலியில் வைத்தார்கள்?

"பழைய காருக்கு என்ன இவ்வளவு கவலை? புகை, சீற் பெல்ற் இல்லை, ஆபத்து" என்று எங்கட நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாளாந்தம் வேலைக்கு ஏ40இல் போகச் சொல்லி நாங்கள் யாரையும் கேட்கவில்லை. எங்கட கவலை, காரோடு சேர்ந்து போகிற அறிவைப் பற்றியது. வாகன இறக்குமதி எழுபதுகளில் இறுக்கப்பட்டது, 2020இல் திரும்பவும் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நாடு ஓடியது இருக்கிறதைத் திருத்தத் தெரிந்த கைகளால்தான். அந்தக் கைகளுக்கு இப்ப எழுபது வயது. கார் தெற்குக்கு விலைப்பட்டுப் போனாலும் எங்கேயோ ஒரு கொட்டகையில் இருக்கும். மெக்கானிக் போனால் அவரோடு எல்லாம் போச்சு.

சந்திப்பு நடத்துகிறவர்களிடம் எங்கட கோரிக்கை சின்னது: அடுத்த முறை மண்ணெண்ணெயில் ஓடிய காருக்கும் ஒரு பலகை வையுங்கோ, அதைத் திருத்தியவரை மேடைக்குக் கூப்பிடுங்கோ. வாசிக்கிற உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. உங்கட ஊரில் பழைய கராஜ் ஒன்று இருந்தால், இந்த மாதம் ஒருக்கால் போங்கோ. போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, "அந்த நேரம் எப்பிடி ஐயா ஓட்டினீங்கள்?" என்று மட்டும் கேளுங்கோ. மிச்சத்தை அவர் சொல்லுவார்.