பிடியரிசியில் நின்ற பள்ளிகள்



பள்ளிக்கூடத்திற்குப் பொருள் கொடுப்பது செல்வர்களின் கடமை என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்தவர்களாகிய நாமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறோம். “வாடகை வீட்டில் இருப்பவர்கள் நாம். இன்று பாறசாலை, நாளை எந்த ஊரோ! இவ்வூர்ப் பள்ளியை இவ்வூரார் பார்த்துக்கொள்ளட்டும்” என்று சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொல்லும் வேளையில் நம் வீட்டுக் குழந்தை அதே பள்ளியில் அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே, இந்தக் கூற்று சரிதானா என்பதை இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

விருதுநகரின் வரலாற்றை முதலில் பார்க்கலாம். அவ்வூர் முன்னர் விருதுபட்டி எனப்பட்டது. தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாட்டு வண்டிகளில் சரக்கேற்றி வந்த நாடார் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரிலும், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களிலும் குடியேறினர். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே. வழியிலே கள்வர் பயம் இருந்தமையால், வண்டியும் மாடும் தங்குவதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். பேட்டையைப் பேணும் செலவிற்காக ஒவ்வொருவரும் தம் வியாபாரத்தின் அளவிற்கேற்ப ஒரு சிறு தொகை செலுத்தினர். அதற்கு மகமை என்று பெயர். உறவின்முறை என்னும் சபை அதனை வசூலித்துக் கணக்கு வைத்தது.

குடியேறிய ஊர்களில் அவர்களுக்கு மதிப்பு எளிதிற் கிட்டவில்லை. பல கோயில்களில் நுழையும் உரிமையும் மறுக்கப்பட்டது. கமுதிக் கோயில் வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆயினும், அவர்கள் மகமையை நிறுத்தவில்லை. பேட்டைக்கென்று தோன்றிய அந்நிதி நாளடைவில் கிணறாயிற்று, கோயிலாயிற்று, பள்ளியுமாயிற்று. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை 1880-களில் இவ்வாறே எழுந்தது. கடைவீதியில் திரண்ட மகமைப் பணம் ஒருபுறம் அதைத் தாங்கியது. உலை வைக்குமுன் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசி மற்றொரு புறம் தாங்கியது. பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருந்தது. பிழைக்க வந்தவர்கள் கட்டிய பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் படித்தார்கள். அதன் பிறகு அவர்களை வேற்றூரார் என்று எவர் சொல்லக் கூடும்?

1903-இல் அவ்வூரிற் பிறந்த காமராசர் அப்பள்ளியிற் பயின்றவரே. தந்தையை இழந்த குடும்பத்தின் நிலைமையால் அவர் படிப்பு நடுவிலே நின்றது. பிற்காலத்தில் அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. தொடக்கத்தில் அது ஊரார் கொடையையே நம்பியிருந்தது. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கரும்பலகை, நாற்காலி, சீருடை, கட்டடம் எனத் தத்தமக்கு இயன்றதை ஊரார் தம் பள்ளிக்கு அளித்தனர். பிடியரிசி கண்ட ஊரிலே வளர்ந்தவர்க்கு, மக்களிடம் பள்ளிக்காகக் கை நீட்டுவதில் வெட்கம் இருந்திராது அன்றோ?

“அவர்கள் வணிகர்கள்; பொருளுடையோர். கூலிக்கு உழைப்பவர் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்பீர்களாயின், அதற்குரிய விடை நாம் வாழும் நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இருக்கிறது.

வெங்ஙானூர் நமக்குத் தொலைவில் இல்லை. அங்கே 1863-இல் பிறந்த அய்யன்காளி, புலையர் குழந்தைகளுக்கு எந்தப் பள்ளியும் இடம் கொடாத காலத்தில், 1904-இல் தாமே ஒரு குடிப்பள்ளி அமைத்தார். எதிரிகள் அதற்குத் தீ வைத்தனர். எரிந்த இடத்திலேயே மீண்டும் பள்ளி எழுந்தது. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம் நிறுவப்பட்டது. தம் மக்கள் பள்ளியிற் சேர்க்கப்படும் வரையில் வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர் உறுதி பூண்டனர். நாட்கூலியே உணவாயிருந்த குடும்பங்கள் அவை. கூலி நின்றால் அடுப்பும் நின்றது. அந்நாட்களில் கடற்கரை மீனவர்கள் ஒவ்வொரு படகிலும் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பிடித்த மீனில் பங்கு கொடுத்து அவர்களைக் காத்தனர் என்பது அய்யன்காளியின் வரலாற்றிற் காணப்படும் செய்தி.

பணமாகக் கொடுப்பதற்கு அத்தொழிலாளரிடம் ஒன்றும் இல்லை. ஆதலால் தம் பசியையே கொடுத்தார்கள். மீனவரோ தம் படகில் ஓர் இடத்தைக் கொடுத்தார்கள். ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றபோது அப்பள்ளியும் கொளுத்தப்பட்டது. அதே பள்ளிக்கு 2022-இல் கேரள அரசு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் சூட்டியிருக்கிறது. அங்கே படிக்கும் குழந்தைகள் அப்பெயர்களை நாள்தோறும் வாயிலிற் படித்துவிட்டே உள்ளே செல்லுகின்றனர்.

பிடியரிசி தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. மலையாளத்திலும் அச்சொல்லே வழங்குகிறது. சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் 1864-இல் தேவாலயந்தோறும் ஒரு பள்ளி வேண்டும் என்று கட்டளையிட்டபோது, ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவிற்கு வீடுகளிலிருந்து பிடியரிசியே சேர்க்கச் செய்தார். 1914-இல் மன்னத்து பத்மநாபன் முதலியோர் நிறுவிய நாயர் சமுதாயச் சங்கத்தினர் வீடு வீடாகப் பாடிச் சென்று நெல்லும் தேங்காயும் திரட்டிப் பள்ளிகளை வளர்த்தனர். வேறு வேறு மதத்தினரும் சாதியினரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தனர் என்றில்லை. பள்ளியென்பது மாதந்தோறும் பசிக்கும் குழந்தை என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டுகொண்டனர் என்றே தோன்றுகிறது.

இது சற்றே விளக்கத்தக்கது. பெருந்தனவந்தர் ஒருவர் ஒருநாள் கட்டடம் கட்டித் தரலாம். அவர் பெயர் கல்லிலே நிற்கும். ஆனால், ஆசிரியருக்குச் சம்பளம் மாதந்தோறும் வேண்டும். கேரளத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசே அளிக்கிறது. உதவி பெறாது தன் காலில் நிற்கும் பள்ளிக்கு அந்த ஆதரவு இல்லை. அதற்குக் கொடையும் வாராவிடின் இரண்டே வழிகள் உள்ளன: பிள்ளைகளின் கட்டணம் உயரவேண்டும், அல்லது ஆசிரியரின் ஊதியம் குறையவேண்டும். முதலாவது நம் குழந்தையை வெளியேற்றும்; இரண்டாவது நல்லாசிரியரை வெளியேற்றும். எனவே, அத்தகைய பள்ளிக்கு ஒருநாள் வரும் பெருந்தொகையைவிட, தவறாது வரும் சிறு தொகையே உயிர்.

பிள்ளையைச் சேர்க்கும்போது ‘நன்கொடை’ என்று சொல்லிப் பள்ளிகள் சில பணம் கேட்பதுண்டு. அதை இங்கே குறிக்கும் கொடையோடு சேர்த்து எண்ணுதல் தகாது. கொடுக்காவிட்டால் இடமில்லை என்று வாங்குவது விலையேயன்றிக் கொடையன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதனைத் தடை செய்து, வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. மனமுவந்து கொடுக்கும் பழக்கம் ஊரிலே தளரும்போதுதான் வற்புறுத்தி வாங்கும் பழக்கம் இடம் பிடிக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 50 கிராம் என்று கொள்வோம். நூறு வீடுகளில் நாளொன்றுக்கு 5 கிலோ. முப்பது நாளில் 150 கிலோ. அரிசியாகத் திரட்டுவது இக்காலத்திற்கு ஒவ்வாது எனின், வீட்டிற்கு வாரம் 10 ரூபாய் எடுத்து வைக்கலாம். நூறு வீடுகளில் ஆண்டிற்கு 52,000 ரூபாய் சேரும். நம் ரயில் நிலையச் சாளரத்திலே பக்கத்து ஊருக்குக் கொடுக்கும் சாதாரண வண்டிச் சீட்டின் விலைதான் அந்தப் பத்து ரூபாய். அப்பணம் இல்லாமையால் எந்த வீட்டிலும் அடுப்பு அணையாது. அப்பணத்தால் ஒரு பள்ளியின் நூலகமோ, ஏழைப் பிள்ளைகள் சிலரின் கட்டணமோ ஓராண்டு நிற்கும்.

ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒரு வார்த்தை கூறிக்கொள்ள விரும்புகிறேன். சீட்டுச் சாளரத்தில் விற்ற சீட்டின் எண்ணும் பெட்டியிலுள்ள பணமும் வேலை முடிந்ததும் ஒத்திருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் எழுந்துபோக முடியாது. பொதுப்பணத்திற்கும் அதுவே நெறியாதல் வேண்டும். ஒவ்வொரு வீட்டிற்கும் எண்ணிட்ட ரசீது கொடுத்தல், வசூலிப்பவர் ஒருவரும் செலவிடுபவர் வேறொருவருமாக இருத்தல், மூன்று மாதத்திற்கு ஒருமுறை வரவு செலவை எல்லோரும் காண ஒட்டி வைத்தல் ஆகிய மூன்றும் போதும். கணக்கைக் காட்டத் தயங்கும் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. காட்டும் பள்ளிக்கோ, கொடாதிருக்க நமக்குக் காரணமும் இல்லை.

1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் சென்றன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே ஒரு மாநிலம், இங்கே ஒரு மாநிலம். நாம் எந்தப் பக்கத்தவர் என்பதைக் குடும்ப அட்டையும் வாக்காளர் பட்டியலும் சொல்லும். நாம் இந்த ஊராரா, அல்லரா என்பதை அவை சொல்லமாட்டா. விருதுநகரில் குடியேறிய வணிகர்க்கு அதைச் சொல்லியது அவர்கள் நடத்திய பள்ளியே.

இதனைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடியரிசியை அளந்தது எக்காலத்திலும் பெண்களின் கையே. ஆதலால் இம்முயற்சியையும் தாங்களே தொடங்குதல் பொருத்தம். ஒரு தெருவில் பத்து வீடுகள் கூடினாலும் போதும். வரும் முதல் தேதியில் வாடகையையும் ஊருக்கு அனுப்பும் பணத்தையும் பிரித்து வைக்கும்போது, பிள்ளை படிக்கும் பள்ளிக்கென்று ஒரு சிறு பங்கையும் தனியே எடுத்து வையுங்கள். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் நாளில் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தன் பள்ளிக்குத் தன் வீடும் கொடுக்கிறது என்பதை அது கண்ணாற் காணட்டும்.