தங்கச்சியின் எடை 48 கிலோ

பூஸ்டர் என்றால் எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடி ஆன்டெனாவில் மாட்டியது. அதை மாட்டினால் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்த படம் பெரிய புள்ளிகளாகத் தெரியும். இன்னொன்று கொரோனா ஊசி. மூன்றாவது பூஸ்டர் ஒன்று காருக்குள் இருக்கிறது என்பதும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேலுமலை இறக்கத்தில் தெரிந்தது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான் என் நண்பன். (பெயர் வேண்டாம். அவன் மாமனார் இந்தப் பத்திரிகையை அட்டை டு அட்டை வாசிப்பவர்.) அவனிடம் 2001 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று உண்டு. 106 குதிரை சக்தி. சம்பளத்தில் பாதி அந்தக் குதிரைகளின் கொள்ளுக்கே போகிறது. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணினான்.

"மாப்ளே, பூஸ்டரைத் தூக்கிட்டேன்டா! ரெண்டு மாஸ்டர் சிலிண்டர் போட்டாச்சு. காலையில வா, கிருஷ்ணகிரிக்குப் போய் டிபன் சாப்பிட்டு வரலாம்."

டிபன் என்ற வார்த்தைக்கு முன்னால் வருகிற எதையும் நான் காதில் வாங்குவதில்லை. போனேன்.

காரின் பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம், பழைய ஈயச்சட்டி இரண்டைக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் பூஸ்டர். நடுவில் ரப்பர் சவ்வு. அதன் ஒரு பக்கக் காற்றை எஞ்சின் உறிஞ்சி வைத்திருக்கும். நீங்கள் பிரேக் மிதித்ததும் மறுபக்கம் வெளிக்காற்று நுழையும். 8 அங்குல சவ்வு என்றால் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 10 பவுண்டு வித்தியாசம் என்று வைத்தாலும் 500 பவுண்டு, அதாவது 225 கிலோ. நாலரை மூட்டை சிமெண்டை உங்கள் காலோடு சேர்ந்து யாரோ சம்பளம் வாங்காமல் தள்ளுகிறார்கள்!

பழைய அம்பாசடர்களும் பத்மினிகளும் இது இல்லாமலே ஓடினவே என்பீர்கள். அதில் இருந்தது டிரம் பிரேக். டிரம் சுற்றுகிற வேகமே ஷூவை இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால்தான் முன்னால் டிஸ்க் வந்ததும் கூடவே பூஸ்டரும் வந்தது. சென்னை பாடியில் 1962-ல் தொடங்கின பிரேக்ஸ் இந்தியா போன்ற கம்பெனிகளுக்கு இது அன்றாடச் சரக்கு.

அப்புறம் ஏன் கழற்றுகிறார்கள்? ரேஸ்காரர்களுக்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினை முறுக்கேற்ற பெரிய கேம் போட்டால், மெதுவாக ஓடும்போது அது காற்றைச் சரியாக உறிஞ்சாது. பூஸ்டர் இருந்தும் இல்லாத கதை. அதோடு, டயர் வழுக்கப்போகிறது என்ற சேதி பாதத்துக்கு வர வேண்டும். நடுவில் இந்தச் சட்டி உட்கார்ந்து அதை மழுப்புகிறது. ஆகவே முன்சக்கரத்துக்கு ஒரு சிலிண்டர், பின்சக்கரத்துக்கு ஒரு சிலிண்டர், இரண்டுக்கும் குறுக்கே தராசுக்கோல் மாதிரி ஒரு பாலன்ஸ் பார். டாஷ்போர்டில் இருக்கும் திருகைத் திருப்பினால் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று மாற்றலாம். பின்னுக்குக் கொஞ்சம் தாராளமாகிவிட்டால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி, கார் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும்.

சோழவரம் ஓடுதளத்திலும், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்த பிறகு அங்கேயும் ரேஸ் பார்த்தவர்களுக்கு இந்தப் பித்து புரியும். இன்றைக்கும் கோவை செட்டிபாளையம் கரி ட்ராக்கில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் இன்ஜினீயரிங் மாணவர்கள், இரண்டு தனித்தனி பிரேக் சர்க்யூட் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. சுமார் 200 கிலோ அழுத்தத்தைப் பெடல் தாங்க வேண்டும். நாலு சக்கரத்தையும் லாக் பண்ணிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கார்கள் ஆளோடு சேர்த்து 300 கிலோ சொச்சம். நண்பனின் சிட்டி ஒரு டன்.

ஓசூர் மேடு, கிருஷ்ணகிரி பள்ளம். சூளகிரி வரை ஒன்றும் தெரியவில்லை. "பார்த்தியா, கல்லு மாதிரி பெடல்!" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மேலுமலை இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று சிவப்பு விளக்கைப் போட்டது. இவன் மிதித்தான். கார் யோசித்தது. இவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து அரை அடி எழும்பி, பெடல் மேல் ஏறி நின்றான். நானும் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தேன். 'ஒலி எழுப்புக' என்று எழுதியிருந்ததில் 'ஒ'வின் பெயிண்ட் உரிந்திருப்பது தெரிகிற தூரத்தில் நின்றோம்.

ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் பேசவில்லை.

கிருஷ்ணகிரியில் இட்லி வந்தது. அவன் கணக்கு நோட்டை எடுத்தான். "எங்கே தப்புன்னு தெரியலடா. பழைய செட்டப்புல நான் 20 கிலோ மிதிச்சா, பூஸ்டர் உதவியோட லைன்ல 80 கிலோ அழுத்தம் வந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. இப்ப பெடலை நீட்டி 6 மடங்கு ஆக்கியிருக்கேன். 40 கிலோ மிதிச்சா 240. சிலிண்டரோ சின்னது, 5/8 அங்குலம். பரப்பு 2 சதுர சென்டிமீட்டர். வகுத்தா 120. அப்ப ஒன்றரை மடங்கு லாபம்தானே?"

நான் பி.காம். பிரேக் தெரியாது, வரவு செலவு தெரியும்.

"அந்த 240 எந்த சிலிண்டருக்கு?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுக்கும் சேர்த்து 240-ஆ, ஆளுக்கு 240-ஆ?"

இட்லி கையிலேயே நின்றது. ஒரே 240-ஐ இரண்டு பேரேட்டிலும் முழுசாக வரவு வைத்திருக்கிறான்! பாலன்ஸ் பார் அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்கிற மாதிரி காலின் பலத்தைப் பிரித்துவிடும். ஆளுக்கு 120. அழுத்தம் 60. கம்பெனி கொடுத்த பழைய சிலிண்டரில் ஒரே குழாய்க்குள் இரண்டு பிஸ்டன் வரிசையாக நிற்கும். முதல் பிஸ்டனின் அழுத்தம் அப்படியே இரண்டாவதுக்கும் போகும். அங்கே பாகப்பிரிவினை கிடையாது. ஆக, முன்பு 20 கிலோவில் நின்ற கார் இப்போது நிற்க 53 கிலோ வேண்டும். (ஃபார்முலா ஒன் ஆசாமிகள் 100 கிலோவுக்கு மேல் மிதிக்கிறார்கள். அதற்கென்றே கால் வளர்க்கிறார்கள்.)

திரும்பி வரும்போது 40-க்கு மேல் போகவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்குள் இருந்த குவாலிட்டிக்காரன் விழித்துக்கொண்டான். எடை பார்க்கும் மெஷினைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, எதிரே நாற்காலியைப் பீரோவில் முட்டுக்கொடுத்து, "உட்கார்ந்து மிதி" என்றான். நான் 61. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவன் 70.

அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். எனக்குத் தங்கச்சி முறை. "என்னண்ணா விளையாட்டு இது?" என்று அவளும் உட்கார்ந்து மிதித்தாள். 44. இன்னொரு தடவை, 41. ஐந்தாவது தடவை 31. அவள் எடையே 48-தான்.

"எதுக்கு இது?" என்றாள்.

சொன்னேன். அவன் என்னைச் சொல்லவிட்டிருக்கக் கூடாது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல்னு இந்த வண்டியிலதான டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்? பிரேக் என்னமோ கெட்டியா இருக்குன்னு ராத்திரி உங்ககிட்ட சொன்னேன்ல? பெர்ஃபார்மன்ஸ்னா அப்படித்தான் இருக்கும்னீங்க."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

வாசகர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் இரண்டு மூன்று மெத்தென்று போகும், பிறகு கல்லாகிவிடும். சேமித்த உறிஞ்சல் தீர்ந்துவிட்டது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள், அந்த இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு என் தங்கச்சி ஓட்டிய காரைத்தான் ஓட்டுகிறார்கள்.

சட்டமும் நண்பன் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவன் பைப்புகளை மாற்றியதில் இன்னொரு வினையும் இருந்தது. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் பிரேக் லைன் குறுக்காகப் போகும்: முன் இடது, பின் வலது. ஒன்று கசிந்தாலும் பாதி பிரேக் மிஞ்சும். இவன் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்ததில் முன் லைன் போனால் மிச்சம் இருப்பது பெயருக்குத்தான்.

திங்கட்கிழமை லீவு போட்டான். அத்திப்பள்ளிப் பக்கத்து மெக்கானிக் பழைய பூஸ்டரைப் பழைய துணியில் சுற்றி, பத்திரமாகவே வைத்திருந்தாராம். "அன்னிக்கே பேடா சார், பேடா சார்னு சொன்னேன். உங்களுக்குக் கன்னடமும் புரியல, தமிழும் புரியல."

கழற்றுக் கூலி, மாட்டுக் கூலி, மறுபடி கழற்றுக் கூலி, மாட்டுக் கூலி. நாலும் தனித்தனி வரிகளாக பில்லில் இருந்தன. அந்தப் பேரேட்டில் தப்பே இல்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கின இரண்டு சிலிண்டர்களும் இப்போது ஷோகேஸில், பாப்பாவின் முதல் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பாலன்ஸ் பாரை மட்டும் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். தேங்காய் உடைக்க வசதியாக இருக்கிறதாம்.