ஆர்.சி. புத்தகத்துக்கு அடங்காத ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டி போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிகாலையில் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பும் ஜீப்புகள், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவை. இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டி கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே இன்னும் மலையேறுகிறது என்றால் அதுதான் அதிசயம். பிரேக் மாறியிருக்கும், ஸ்டீயரிங் மாறியிருக்கும், சிலவற்றில் எஞ்சினே மாறியிருக்கும்.

சட்டம் இதை முகம் சுளித்துத்தான் பார்க்கிறது. உற்பத்தியாளர் குறித்துத் தந்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றது. பழமைக்கு மரியாதை இல்லாமலும் இல்லை. 50 வயது கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனி எண்வரிசையில் பதியலாம் என 2021 ஜூலையில் விதி வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். ஆக, காட்சிக்கு நிற்கும் ஜீப்புக்கு ஒரு விதி இருக்கிறது, ஷோரூம் ஜீப்புக்கு ஒரு விதி இருக்கிறது. தினம் உழைக்கிற பழைய ஜீப்புக்குத்தான் ஒன்றும் இல்லை.

இந்தச் சரிவில் வண்டி எப்போதுமே மலைக்கு ஏற்றபடி மாறி வந்திருக்கிறது. மூணாறு தேயிலையை இறக்குவதற்காக 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-ல் அது இரண்டடி அகலக் குட்டி ரயிலானது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம், அப்புறம் மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. பின்னாளில் ஜீப் வந்தது. மகிந்திரா நிறுவனம் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. தாய்நாட்டில் 1968-ல் நின்றுபோன சிஜே-3பி மாடலை இந்தியாவில் வெவ்வேறு பெயர்களில் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டே இருந்தது. 1985-ல் வந்த எம்எம் 540-க்குள் பியூஜோ டீசல் எஞ்சின். அமெரிக்க உடம்பு, பிரெஞ்சு இதயம், இந்திய உழைப்பு. கம்பெனியே கலப்பாகச் செய்த வண்டியைத்தான் பட்டறைக்காரர் மேலும் கொஞ்சம் கலக்குகிறார்.

அவர் செய்வதில் பெரும்பகுதி ஆடம்பரம் இல்லை. அந்தக் காலத்து ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஓடையில் நனைந்தால் பிடிக்காது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டு, வேக்குவம் பூஸ்டர் சேர்த்தால், இறக்கத்தில் ஓட்டுநரின் கால் பிழைக்கிறது. துருப்பிடித்த தளத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதும், தேய்ந்த ஸ்பிரிங் பட்டைகளை மாற்றுவதும், பவர் ஸ்டீயரிங் பூட்டுவதும் அதே கணக்குதான். கொழுக்குமலையைப் பாருங்கள். போடி வட்டத்து மலை அது. ஆனால் ஜீப் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றித்தான். பாறைகள் துருத்திய அந்தத் தடத்தில், 1980-களின் பிரேக் அப்படியே இருப்பதுதான் பாதுகாப்பு என்று எந்த அதிகாரியாவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹரியானாவின் மண்டி டப்வாலி, திறந்த ஜீப்புகளைப் புதிதுபோல் கட்டித் தருவதற்கு நாடெங்கும் பேர்போன ஊர். அந்தப் பாணியில் அகலச் சக்கரமும் உயர்த்திய உடம்பும் கண்ணைப் பறிக்கும் விளக்கு வரிசையுமாக வருகிறவை படத்துக்கு அழகு, போடிமெட்டுக்கு ஆபத்து. பழைய ஜீப்பின் டயர் ஏறத்தாழ 28 அங்குல உயரம். அதில் 33 அங்குலம் மாட்டினால் மீட்டர் 40 என்று காட்டும்போது வண்டி 46-ஐத் தாண்டியிருக்கும். கியர் விகிதம் கெட்டு, இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கிற பிடி குறையும். உயரம் கூடக் கூட வளைவில் கவிழ்வதும் எளிது. இந்த வண்டிகளைத் தடுத்து நிறுத்துவதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

ஆனால் இந்த மலையில் மிக ஆபத்தான மாற்றம் எந்தப் பட்டறையிலும் நடப்பதில்லை. பின்பக்கப் பலகையில் கூடுதலாக ஆள் ஏற்றுவதுதான் அது. காய் பறிப்புக் காலத்தில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போவதையும், அப்படிப்பட்ட ஜீப்புகள் கவிழ்வதையும் தேனி மாவட்டம் பலமுறை பார்த்துவிட்டது. விபத்து நடந்த வாரம் சோதனை தீவிரமாகும், அடுத்த மாதம் தளரும். பம்பரை அளக்கத் தெரிந்த சோதனைக்குத் தலைகளை எண்ணத் தெரியாதா?

மற்ற நாடுகள் இதைக் கொஞ்சம் நிதானமாக அணுகியிருக்கின்றன. ஜெர்மனியில் மாற்றிய வண்டியைத் தகுதிபெற்ற பொறியாளர் சோதித்து, சரியென்றால் வண்டியின் ஆவணத்திலேயே அந்த மாற்றத்தைப் பதிகிறார்கள். பிரிட்டன் மாற்றிய வண்டிகளுக்கு ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டு வந்தது: அசல் சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பெட்டி, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டுக்குக் குறைந்தால் தனிச் சோதனையில் தேற வேண்டியிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே முதலில் தேய்த்துப் பார்ப்பதே எஞ்சின் எண்ணைத்தான்.

புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மாற்றங்களுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதே 52-வது பிரிவு இடம் தருகிறது. மலைத்தோட்ட வேலை அப்படியொரு நோக்கம் இல்லையென்றால் வேறு எது? டிஸ்க் பிரேக், கவிழ்ந்தால் தாங்கும் இரும்புக் கூண்டு, இருக்கைப் பட்டை, அதே தயாரிப்பின் பிந்தைய எஞ்சின் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் போடலாம். பொறியியல் கல்லூரிகளையோ அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளையோ சோதனை மையங்களாக்கலாம். 2025 ஜூலையில் மூணாறு அருகே சுற்றுலா ஜீப் கவிழ்ந்து உயிர்ப்பலி நேர்ந்தபின், இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்தியது. பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்தது. சுற்றுலாவுக்கு அந்தக் கவனம் சாத்தியமென்றால், ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களுக்கும் சாத்தியமே. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. காய்க்கு எல்லை தடையில்லை. சோதனைச் சான்றும் அப்படியே இரு மாநிலத்திலும் செல்ல வேண்டும். தேனியில் பதிவான ஜீப் காலை எட்டு மணிக்கெல்லாம் கேரளத்தில் நிற்கிறது.