மண் எழுதி வைத்த மழைக்கணக்கு



செஞ்சிக்கு வருவோர் இராசகிரியையும் கிருட்டிணகிரியையும் அண்ணாந்து நோக்கி வியக்கின்றனர். காலடி மண்ணைக் குனிந்து நோக்குவோர் அரியர். ஆயினும், பண்டைக் காலத்து மழையையும் வெயிலையும் அறிய விழையும் அறிஞர் மண்ணிடமே செல்கின்றனர்.

நம் குன்றுகள், பூமியின் ஆழத்தில் குழம்பாயிருந்து, அங்கேயே ஆறி இறுகிய கருங்கற்கள். மராட்டிய நாட்டிலும் அதன் அண்டைப் பகுதிகளிலுமோ, ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன் நிலம் பிளந்து, எரிமலைக் குழம்பு பலமுறை பொங்கிப் பரந்தது. இன்றும் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அது கரும்பாறை அடுக்குகளாய்க் கிடக்கின்றது. அங்கே மலைச்சாலைக்காக வெட்டிய சரிவுகளில், இரு கரிய அடுக்குகட்கு இடையே செந்நிறப் பட்டை ஓடுவதைக் காணலாம். அப்பட்டைகளுட் சில எரிமலைச் சாம்பலால் ஆனவை. வேறு சிலவோ பண்டைய மண். குழம்பு ஓய்ந்திருந்த காலத்தில் மழையும் காற்றும் பாறையை மண்ணாக்கின. அடுத்த குழம்பு வந்து அதனை மூடி முத்திரையிட்டது.

அம்மண்ணைப் படிப்பது எங்ஙனம்? செந்நிறம் இரும்பின் துரு. மழை மிகுந்த நாட்டில் சுண்ணாம்பு கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் எஞ்சும். மழை குறைந்த நாட்டில் சுண்ணாம்பு சுக்கான்கல்லாய்த் திரளும். அச்சுக்கான்கல்லில் உள்ள கரியணுக்களின் வகைகளை அளந்து, அக்காலக் காற்றில் கரியமிலவாயு எவ்வளவு இருந்தது என்பதையும் மதிப்பிடுகின்றனர். மேலும் கீழுமுள்ள பாறைகளின் வயதைக் கதிரியக்க முறையால் கணிக்க, இடைப்பட்ட மண்ணின் காலமும் புலனாகும்.

இவ்வாராய்ச்சி வீண் வேலையன்று. 1958-இல் காற்றில் பத்து இலட்சத்துக்குச் சுமார் 315 பங்காயிருந்த கரியமிலவாயு, இன்று 420-ஐக் கடந்துவிட்டது. அவ்வாயு மிகுந்தபோது மழை எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்குப் பழைய மண்ணும் ஒரு சாட்சி.

நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. நம் வயல் மண்ணும் இத்தகைய ஏடே. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் செல்லும். செங்கற்சூளைக்கென அதனை வெட்டி விற்க ஒரு பகற்பொழுது போதும். மராட்டிய மண்ணைக் காக்க எரிமலைக் குழம்பு வந்து மூடியது. நம் மண்ணைக் காக்க நம்மையன்றி யார் வருவார்? லாரிக்கு விலை பேசுமுன் சற்றே சிந்திப்போமாக.