மெக்சிகோத் துவையலும் நமது அம்மிக்கல்லும்



சென்ற பொங்கல் விழாவுக்கு முன் நம் சங்கத்தில் நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். உணவுக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும்போது, ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் நம் பிள்ளைகள் ஆறு பேர் எழுந்து, "எங்களுக்கும் ஒரு மேசை கொடுங்கள், மெக்சிகோ உணவு செய்து விற்கிறோம்" என்று கேட்டார்கள். "பொங்கல் விழாவில் மெக்சிகோவுக்கு என்ன வேலை?" என்று முதலில் குரல் கொடுத்தவன் நான்தான். பெரியவர்கள் கை தட்டினார்கள். பிள்ளைகள் மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்தார்கள். அவர்களில் என் பேத்தியும் ஒருத்தி. அந்த ஆறு பேரில் நான்கு பேரை அதற்குப் பிறகு சங்கத்தின் பக்கமே காணோம். நான் அன்று சொன்னது தவறு. சபையில் சொன்னதைச் சபையிலேயே திருத்திக்கொள்வதுதான் முறை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் சமையல் தெரிந்தவன் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து 1981இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தையும் ஜல்லியையும் பார்த்தே 38 ஆண்டுகளை ஓட்டி 2019இல் ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் சாத்தூர். காராச்சேவும் மிளகாயும் விளையாடும் ஊர். காரம் என்றால் எங்கள் ஊர்ச் சம்பா மிளகாய்தான் என்று பெருமை பேசியே பழக்கப்பட்ட நாக்கு இது.

கூட்டம் முடிந்து சில வாரங்கள் பேத்தி என்னோடு அளவாகத்தான் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. தக்காளித் தோல் கருகும் வாசனை, அதன் பின்னாலேயே மிளகாய் நெடி. மூன்று பேரும் தும்மினோம். போய்ப் பார்த்தால், அப்பளம் சுடும் கம்பி வலையைக் கேஸ் அடுப்பில் வைத்து அதன்மேல் நான்கு தக்காளி, தோலோடு ஒரு வெங்காயம், தோலோடு பூண்டுப் பல். பக்கத்து அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லில் வற்றல் மிளகாய். "சல்சா செய்றேன் தாத்தா. கடையில் பாட்டிலில் விற்கிறதில் இந்தப் புகை வாசமே இல்லை" என்றாள்.

என் மனைவி முகத்தைக் கூட மாற்றாமல் சொன்னாள்: "இதுதான் நீங்க வேண்டாம்னு சொன்ன மெக்சிகோவா? உங்கம்மா விறகடுப்புச் சாம்பல்ல சுட்டு அரைச்சுத் தந்ததை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்களே, அப்ப எந்த நாடுன்னு கேட்டீங்களா?"

எனக்குப் பதில் இல்லை. சுட்ட தக்காளியும், சுட்ட மிளகாயும், பூண்டும், உப்பும் சேர்த்து அரைத்தால் சாத்தூரில் அது துவையல். மெக்சிகோவில் அது சல்சா. அவர்கள் கொத்துமல்லித் தழையும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கிறார்கள். நாம் புளி சேர்த்துத் தாளிக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் யோசித்தால், கடன் வாங்கியவர்கள் நாம்தான். மிளகாயை முதன்முதல் பயிராக வளர்த்தவர்கள் மெக்சிகோப் பகுதியின் பழங்குடி மக்கள். தக்காளி அங்கே உணவுப் பயிராக வளர்ந்து உலகுக்கு வந்தது. 1498இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்கினார். 1510இல் போர்ச்சுக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களுடைய கப்பல்களில்தான் 16ஆம் நூற்றாண்டில் மிளகாய் நம் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகும் திப்பிலியும்தான். மிளகைப் போல் காரமான காய் என்பதால் 'மிளகாய்' என்று பெயர் வைத்தோம். மராட்டியரின் 'மிர்ச்சி'யும் மிளகைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்ததே. நம்மில் பல வீடுகளில் இன்றும் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான் சேர்க்கிறார்கள். நம் முன்னோர்களுக்குத் தெரியாத காய் அது என்பதை அந்த ஒரு நாள் மட்டும் நாம் மறக்காமல் இருக்கிறோம்.

தக்காளிக் கதை இன்னும் வேடிக்கை. சிறு வயதில் நெற்றியில் 'டப்' என்று அடித்து உடைப்போமே, தாள் போன்ற உறைக்குள் இருக்கும் சொடக்குத் தக்காளி, அதைத்தான் தமிழில் முன்பு தக்காளி என்றார்கள். புதிய பழம் வந்தபோது பழைய பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டோம். மெக்சிகோக்காரர்கள் பச்சைச் சல்சாவுக்குப் பயன்படுத்தும் 'தொமாத்தியோ' என்ற காயும் இதே போல் உறைக்குள் இருப்பதுதான், சொடக்குத் தக்காளியின் நெருங்கிய உறவு. வேண்டாத விருந்தாளி என்று நான் விரட்டியது, பெயர் வரைக்கும் நம் குடும்பத்தில் கலந்துவிட்ட சம்பந்தியை.

அடுத்து கல்லைப் பற்றி. இது என் தொழில் சம்பந்தப்பட்டது, பொறுத்தருள வேண்டும். மெக்சிகோவில் சல்சா அரைப்பதற்கு மூன்று கால் வைத்த ஒரு கல் உரல் உண்டு, 'மொல்காஹேத்தே' என்று பெயர். எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் கல்லில் செய்தது. இந்தத் தக்காணப் பீடபூமியின் மேற்குப் பகுதியில் பெரும்பாலும் அதே பசால்ட் கல்தான். மராட்டிய வீடுகளின் பாட்டா-வர்வண்டா அந்தக் கறுப்புக் கல்லில் கொத்தியது. நான் காலமெல்லாம் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டி, சல்லடை போட்டுச் சலித்து, மறுபடி கொட்டிய ஜல்லியும் அதே கல்தான்.

போர் காட் மலைப்பாதையில் கர்ஜத்துக்கும் லோனாவ்லாவுக்கும் இடையே 37 அடிக்கு 1 அடி ஏற்றம். 1863இல் திறந்த பாதை. மழைக்காலத்தில் அங்கே கேங்மேன்களோடு நானும் நடந்திருக்கிறேன். மதியம் சுள்ளி கூட்டித் தீ மூட்டி, கழுவிய மண்வெட்டித் தகட்டின்மேல் பச்சை மிளகாயையும் பூண்டையும் கரும்புள்ளி விழும் வரை சுட்டு, கைப்பிடி வேர்க்கடலையும் உப்பும் சேர்த்து ஒரு தட்டைக் கல்லில் நசுக்குவார்கள். அதுதான் டேச்சா. சோள பாக்ரியில் வைத்து, "சாஹேப், கியா" என்று நீட்டுவார்கள். முதல் நாள் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காரத்தால் பாதி. இளம் வயதில் ஊரை விட்டு வந்தவனுக்கு அந்தச் சுட்ட வாசனையில் அம்மா ஞாபகம் வந்தது மீதிப் பாதி. ஆக, புனேக்கு வந்த எனக்கு இந்த ஊர் முதலில் கொடுத்ததே ஒரு சல்சாதான். அதைத் தின்று வளர்ந்தவன், பிள்ளைகள் கொண்டுவந்த சல்சாவை மறுத்திருக்கிறேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு முறை சொல்கிறேன். மண்டை மார்க்கெட்டிலோ மார்க்கெட் யார்டிலோ எல்லாம் கிடைக்கும். நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி 4, வெங்காயம் 1, பூண்டு 4 பல், பேடகி வற்றல் 6, காரத்துக்குக் கோலாப்பூர் லவங்கி மிளகாய் 1 அல்லது 2. பேடகி சுருங்கிய தோலோடு நல்ல நிறம் தரும், காரம் குறைவு. மெக்சிகோவின் குவாஹியோ மிளகாய்க்கு அது ஓரளவு ஈடு. தக்காளியைத் திருப்பித் திருப்பி 10 நிமிடம் சுட வேண்டும். தோல் வெடித்துக் கரும்புள்ளி விழ வேண்டும். வற்றலைத் தோசைக்கல்லில் பக்கத்துக்கு 10 விநாடிதான். அதற்கு மேல் போனால் கசப்பு. பிறகு வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். அம்மியில் முதலில் உப்பும் பூண்டும், அடுத்து மிளகாய், கடைசியில் தக்காளியும் வெங்காயமும். மிக்சியானால் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். மை போல் அரைத்துவிட்டால் வாயில் ஒன்றும் தெரியாது. கொத்துமல்லியும் எலுமிச்சையும் பரிமாறும்போது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் எரிந்தால் வெறும் தண்ணீர் உதவாது, மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தொட்டுக்கொள்ள மக்காச்சோள ரொட்டிக்குத் தனியாக அலைய வேண்டாம், சோள பாக்ரி போதும். கூடவே வேக வைத்த ராஜ்மா. அதுவும் அந்தக் கண்டத்து வித்துத்தான். என் மனைவிக்கு மட்டும் ஒரு குறை: "தாளிக்கலையே!" அவளுக்கென்று ஒரு கிண்ணம் கடுகு தாளித்துக் கொடுத்தோம். தாராளமாகச் செய்யலாம், மெக்சிகோ கோபித்துக்கொள்ளாது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அன்று அம்மியைப் பால்கனியிலிருந்து உள்ளே கொண்டுவந்தோம். 1986இல் ஊரிலிருந்து ரயிலில் சரக்காகப் பதிந்து கொண்டுவந்த அம்மி. பல வருஷமாக அதன்மேல் துளசித் தொட்டி இருந்தது. பேத்தி அரைத்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, பாட்டி வாட்டுங்கிறாங்க, வறுங்கிறாங்க, சுடுங்கிறாங்க. எல்லாம் ரோஸ்ட்தானே?" இல்லையம்மா என்று உட்கார்ந்து சொன்னேன். நெருப்பிலேயே போட்டால் சுடுவது, அப்பளம், கத்தரிக்காய் போல. நெருப்புக்கு மேலே காட்டிப் பச்சை வாடை போக்கினால் வாட்டுவது, வாழை இலை போல. எண்ணெய் இல்லாத சட்டியில் கிளறினால் வறுப்பது. எண்ணெயில் ஈரக் காயைப் புரட்டினால் வதக்குவது. இடிப்பது வேறு, நசுக்குவது வேறு, அரைப்பது வேறு. அவள் ஒவ்வொன்றையும் கையால் செய்துகொண்டே சொல்லிப் பார்த்தாள். ஞாயிறு தமிழ் வகுப்புக்கு மூன்று வருஷம் அனுப்பியும் வராத சொற்கள் ஒரு காலைப் பொழுதில் வந்தன.

"நம் பாஷை போய்க்கொண்டிருக்கிறது, சாப்பாடாவது மிஞ்சட்டும்" என்று பெரியவர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. அந்த அச்சத்தில்தான் நானும் பேசினேன். ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டை உண்மையில் அழிப்பது எது? புதுச் சமையலறை கட்டியதும் "கண்ணாடி அடுப்பு கறையாகும், கத்தரிக்காய் சுடாதே" என்று சொன்னது யார்? அம்மியின்மேல் பூந்தொட்டி வைத்தது யார்? ரெடிமேடாகத் துவையல் பொடி வாங்கி வைத்தது யார்? நாம்தான். மெக்சிகோ எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. சொல்லப்போனால், நாம் கைவிட்ட நெருப்பையும் கல்லையும் பிள்ளைகள் மெக்சிகோ வழியாகச் சுற்றித் தேடி வந்திருக்கிறார்கள். வாசலிலேயே நிறுத்தி டிக்கெட் கேட்டவன் நான்.

அதற்காக இட்லியையும் பொங்கலையும் ஒதுக்கிவிட்டு எல்லோரும் சல்சா தின்னுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொங்கல் பானை முதலில்தான் இருக்க வேண்டும். என் வேண்டுகோள் இவ்வளவே. வருகிற சித்திரை விழாவில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை கொடுப்போம். இரண்டு நிபந்தனை வைக்கலாம்: பாட்டில், டப்பா எதுவும் கூடாது, வீட்டிலேயே சுட்டு அரைக்க வேண்டும், கூட ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்து தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த மேசையிலேயே ஒரு பக்கம் சுட்ட தக்காளித் துவையல், ஒரு பக்கம் டேச்சா, நடுவில் சல்சா. மூன்றும் ஒரே குடும்பம் என்பது நாக்குக்குத் தெரிந்துவிடும், சொற்பொழிவு தேவைப்படாது.

சங்கத்துக்கு வராத நான்கு பிள்ளைகளின் வீட்டுக்கும் நானே போய்க் கேட்கப் போகிறேன். சாமான் தூக்க ஆள் வேண்டுமென்றால் அம்மியை நான் கொண்டுவருகிறேன். கனம்தான், ஆனால் ரயில்வேக்காரனுக்குக் கல் சுமப்பது புதிதல்ல.