குறுங்களம்

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், உயர்ந்த கல்வீடுகள் நெருங்கி நிற்கும் தென்பகுதியில், பரந்ததொரு புல்வெளி உண்டு. பிரண்ட்ஸ்பீல்டு லிங்க்ஸ் என்பது அதன் பெயர். பண்டு நகருக்குப் பொதுவாய்க் கிடந்த பெருங்காட்டில் எஞ்சிய பகுதி அது. அங்கே மாலை வேளையில் சென்று காண்போர் ஒரு புதுமையைக் காண்பர். ஒருபுறம் முதியவர் நாயுடன் உலாவுவர். மற்றொருபுறம் மாணவர் புல்லில் அமர்ந்து படிப்பர். அவர்களுக்கு இடையே ஒருவர் கையில் இரண்டே மட்டைகளுடன் சிறு பந்தொன்றைத் தூக்கி அடித்து, அது விழுந்த இடம் நோக்கி நடந்து செல்வர். அவர் ஆடுவது கோல்ப் ஆட்டம். அதற்காக அவர் எவருக்கும் ஒரு காசும் கொடுத்திலர்.

கோல்ப் என்றவுடன் செல்வர் ஆட்டம் என்று எண்ணுவது உலக வழக்காகிவிட்டது. அவ்வெண்ணத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவில் நிலத்தில் வெட்டிய குழியில், இயன்ற அளவு குறைந்த அடிகளில் விழச் செய்வதே ஆட்டம். ஆனால் முழு ஆடுகளம் ஒன்றிற்குக் குழிகள் 18 வேண்டும். முதற் குழி தொடங்கி இறுதிக் குழி வரை ஆறாயிரம், ஏழாயிரம் கெஜ நீளம் வேண்டும். பெரும்பாலும் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், அதனைப் பசுமை குன்றாமல் காக்கும் ஆட்களும் நீரும் வேண்டும். ஆடுவோனுக்கோ நான்கு மணி நேர ஓய்வு வேண்டும். இவற்றையெல்லாம் தாங்கவல்லவர் எத்தனை பேர்?

பிரண்ட்ஸ்பீல்டில் இருப்பது இத்தகைய பெருங்களம் அன்று. அது குறுங்களம். பெரும்பாலான குழிகள் நூறு கெஜத்திற்கும் குறைந்த தொலைவிலேயே உள்ளன. வேனிற் காலத்தில் 36 குழிகளும், பனிக் காலத்தில் 9 குழிகளும் அமைக்கப்படுகின்றன. லிங்க்ஸ் என்னும் சொல் கடற்கரையை அடுத்த மணற்பாங்கான புல்நிலத்தைக் குறிக்கும். ஆயினும் இங்கே கடலும் இல்லை, மணல்மேடும் இல்லை. மரங்களும் நடைபாதைகளும் சூழ்ந்த பூங்கா நிலமே இது. பெயர் மட்டும் பழைய உறவை நினைவூட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆட்டத்தின் பழைய வரலாற்றைப் புரட்டினால், இது தொடக்கத்தில் செல்வர்க்கே உரியதாய் இருந்ததில்லை என்பது விளங்கும். 1457ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், கோல்ப் ஆட்டமும் கால்பந்தும் ஆடலாகாது என்று சட்டம் செய்தார். மக்கள் விற்பயிற்சியைக் கைவிட்டு ஆட்டத்தில் மூழ்கினர் என்பதே காரணம். சிலர் மட்டும் ஆடிய ஆட்டமாயின் அதனைத் தடுக்க ஒரு நாட்டின் சட்டம் வேண்டுவதில்லை. அத்தடை எவ்வளவு பயன் தந்தது என்பதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1502ஆம் ஆண்டில் நான்காம் ஜேம்ஸ் மன்னரே பெர்த் நகரில் கோல்ப் மட்டைகள் வாங்கினார் என்று அரண்மனைக் கணக்கு கூறுகிறது. அவற்றைச் செய்து விற்றவனோ வில் செய்யும் தொழிலாளி!

பின்னர் ஆட்டத்தை ஏழைகளிடமிருந்து பிரித்தது பந்தின் விலை. பழைய பந்து தோலால் தைத்தது. ஒரு தொப்பி நிறைய வாத்தின் இறகுகளைக் கொதிக்க வைத்து, அவை அத்தனையையும் அச்சிறு தோலுறையில் திணித்துத் தைப்பர். கைதேர்ந்தவனும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாது. மழையில் நனைந்தால் அது கெடும். அடி தவறினால் கிழியும். இந்நிலையை மாற்றியது மலேயாக் காட்டு மரம் ஒன்றின் பால். கட்டாபெர்ச்சா எனப்படும் அப்பாலைச் சூடேற்றி, உருட்டி, உறைய வைத்துப் பந்து செய்யும் முறை 1848ஆம் ஆண்டளவில் பரவியது. பந்தின் விலை வீழ்ந்தது. கடைக்காரரும் கைவினைஞரும் மீண்டும் களத்திற்கு வந்தனர். பிரண்ட்ஸ்பீல்டிலும் நெரிசல் மிகுந்தது. அங்கே நெடுங்காலம் ஆடிவந்த பழைய கழகங்கள் அந்நெரிசலைப் பொறாமல் வேறிடம் நாடிச் சென்றன.

கழகங்கள் சென்றபின் புல்வெளி அழியாமல் நின்றதற்கு ஒரு சட்டமே முதற் காரணம். அவ்வெளியில் கட்டடம் எழுப்பலாகாது என்று 1827ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. நகரம் நாற்புறமும் வளர்ந்து நிலத்தின் விலை ஏறிய காலத்தில் அவ்விதி இல்லையேல், இன்று அங்கே வீடுகளே நிற்கும். நகர்மன்றத்தார் 1889ஆம் ஆண்டில் பிரெய்டு குன்றுகளை வாங்கி, நெடிய ஆட்டத்திற்கு அங்கே பொதுக்களம் அமைத்தனர். ஊர் நடுவிலுள்ள புல்வெளியில் குறு ஆட்டம் நிலைத்தது. நெடிய ஆட்டத்தை ஊர்ப்புறத்திற்கும், குறு ஆட்டத்தை ஊர் நடுவிற்கும் வகுத்த இவ்வேற்பாடு மிக்க அறிவுடையது. நிலம் அருகிய நகரங்கள் அனைத்திற்கும் இது பொருந்தும்.

குறுங்களம் சிறுவர் விளையாட்டிற்கே உரியது, உண்மையான கோல்ப் அன்று எனக் கூறுவார் பலர். நெடுந்தொலைவு அடிப்பதே ஆட்டத்தின் உயிர் என்பது அவர்கள் கருத்து. இக்கருத்தை ஆட்டத்தின் கணக்கே மறுத்துவிடும். முழுக்களத்தின் 18 குழிகளையும் முடிக்கப் பெரும்பாலும் 72 அடிகள் எனத் தரம் வகுத்துள்ளனர். அவற்றுள் குழிக்கு இரண்டாக 36 அடிகள், குழியைச் சூழ்ந்த மழித்த புற்றரையில் பந்தை உருட்டுவதற்கே ஒதுக்கப்பட்டவை. அஃதாவது, ஆட்டத்தின் சரிபாதி சில முழத் தொலைவிற்குள் நடைபெறுகிறது. குழியின் வாய் அகலம் நாலேகால் அங்குலம். பேரரசர் ஆடும் களத்திலும் அது விரிவதில்லை. ஏழை ஆடும் களத்திலும் சுருங்குவதில்லை. முந்நூறு கெஜம் பறக்கும் அடியும் ஓர் அடியே. மூன்று சாண் உருளும் அடியும் ஓர் அடியே. குறுங்களம் நீக்குவது வலிமையை மட்டுமே. கண்ணின் அளவும் கையின் அடக்கமும் அங்கே முழுமையாய் வேண்டப்படுகின்றன.

அமெரிக்க ஆட்டக்காரர் லீ டிரெவினோவின் வாழ்க்கை இதற்கு ஏற்ற சான்று. அவர் 1939ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் வறிய குடியிற் பிறந்தார். பாட்டனார் இடுகாட்டில் குழி வெட்டுபவர். தாயார் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தவர். இளமையில் டிரெவினோ வேலை செய்த இடம் ஒரு பயிற்சிக் களமும், அதனை அடுத்த குறுங்களமும் ஆகும். அங்கே அவர் குளிர்பானக் கண்ணாடிப் புட்டியில் நாடாவைச் சுற்றி, அதனையே மட்டையாகக் கொண்டு பந்தயம் ஆடி வென்றார். அவரே 1968ஆம் ஆண்டில் அமெரிக்கத் திறந்த போட்டியில் வாகை சூடினார். மொத்தம் ஆறு பெரும் போட்டிகளில் வென்றார். அந்தச் சிறு களம் இல்லாதிருந்தால், பெருங்களத்தின் வாயில் அவருக்கு எளிதில் திறந்திருக்குமோ?

செல்வர் கழகங்களும் குறுங்களத்தின் சுவையை அறியாதவை அல்ல. ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில், உலகின் பெயர்பெற்ற பெருங்களத்தின் அருகே, 1958ஆம் ஆண்டில் ஒன்பது குழிக் குறுங்களம் ஒன்று அமைக்கப்பட்டது. பெரும் போட்டிக்கு முந்திய நாளில் அங்கே நிகழும் சிறு போட்டியில், புகழ் வாய்ந்த வீரர் பலரும் தம் குழந்தைகளையும் உடனழைத்துச் சென்று மகிழ்ந்து ஆடுகின்றனர். ஆனால் அக்களத்தில் அயலார் எவரும் நினைத்தபோது நுழைய முடியாது. வடிவில் ஒன்றாயினும், அதற்கும் பிரண்ட்ஸ்பீல்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஒரு கடல் மட்டும் அன்று.

பொதுப் பூங்காவில் பந்து பறந்தால் நடப்போர்க்கு ஊறு நேராதோ என்று கேட்பவர் கேள்வி நியாயமானதே. கல்போல் இறுகிய பந்து தலையில் பட்டால் காயம் தப்பாது. குறுங்களத்தில் நெடுந்தொலைவு அடிக்கும் பெருமட்டைக்கு வேலை இல்லை. சாய்ந்த முகமுள்ள சிறு மட்டையால் பந்தை மேலே எழுப்பி மெல்ல இறக்குவதே முறை. அப்படியிருந்தும் இடர் முழுதும் நீங்குவதில்லை. பாதையில் ஒருவர் வந்தால் அவர் கடக்கும்வரை ஆடுவோன் மட்டையைத் தாழ்த்திக் காத்திருத்தல் வேண்டும். நிலம் அவனுக்கு மட்டும் உரியதன்று; நடப்பவர்க்கும் உரியது. வேலியிட்ட களத்தில் இவ்வொழுக்கத்தைக் கற்க வாய்ப்பே இல்லை.

அண்மைக் காலத்தில் பிரித்தானிய நகர்மன்றங்கள் சில, செலவு மிகுந்தது என்றும் வருவாய் குறைந்தது என்றும் கூறித் தம் பொதுக் கோல்ப் களங்களை மூடிவிட்டன. பெருங்களங்களைப் பற்றி அவ்வாறு கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. நூறு ஏக்கர் நிலத்தை ஒரு சிலர்க்காகப் பேணுவது ஊர்ப் பணத்திற்குப் பெருஞ்சுமையே. ஆனால் அதே கணக்கைக் குறுங்களத்தின்மேல் ஏற்றுவது முறையன்று. புல்லை வெட்டுதல் எவ்வகைப் பூங்காவிற்கும் வேண்டிய செலவு. அதற்குமேல் வேண்டுவன சில குழிகளும், அவற்றில் நடும் கொடிகளுமே. வருவாய் தரவில்லை என்று ஊரார் நடக்கும் பாதையை எவரும் மூடுவதில்லை. மர நிழலில் இட்ட இருக்கைக்கு வாடகை கேட்பதும் இல்லை.

பிரண்ட்ஸ்பீல்டிற்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வேனில் நாட்களில் அந்நாட்டில் இரவு பத்து மணி அளவிலும் வெளிச்சம் மங்காது. தொழில் முடிந்து வீடு திரும்பியவர் உணவு உண்டு, இரண்டு மட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறார். ஒரு மணி நேரத்தில் பல குழிகளை ஆடிவிடலாம். களைத்தால் எந்தக் குழியிலும் நிறுத்திவிடலாம். கிழக்கே ஆர்தர் சீட் என்னும் குன்றின்மேல் வெயில் மறையும்வரை அவர் ஆடுகிறார். குழியில் விழுந்த பந்தை எடுக்க அவர் குனியும்போது, பின்னே காத்திருக்கும் சிறுவன் தன் பந்தைப் புல்லின்மேல் வைக்கிறான்.