செவ்வாயிலிருந்து ஒரு ஹலோ



எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பிறகு தமிழில் அறிவியல் புனைகதை எழுத ஆளில்லை என்று தங்கள் சென்ற இதழ்க் கட்டுரை வருந்தியிருந்தது. ஆள் இருக்கிறோம். பகலில் அலுவலகக் கணக்கு, இரவில் செவ்வாய்க் கிரகம் என்று எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து, நாங்களே பார்சல் கட்டி அனுப்புகிறோம்.

எங்களுக்குக் குறைவது பதிப்பாளர் மட்டுமல்ல, தப்பைப் பிடிக்கும் வாசகரும்தான். நாங்கள் எளிதில் தவறவிடக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்: செவ்வாயிலிருந்து ஒரு ‘ஹலோ’ பூமிக்கு வந்துசேர, கோள்களின் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். இந்தத் தாமதத்தோடு ஒரு கணவன் மனைவி சண்டையை எழுதிப் பாருங்கள்: மன்னிப்பு வந்துசேர்வதற்குள் அடுத்த வசவு கிளம்பியிருக்கும்!

அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வியர் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே ‘தி மார்ஷியன்’ நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டினார்கள், அவர் திருத்தினார். 2011-ல் அது 99 சென்ட் மின்னூலானது. 2015-ல் ஹாலிவுட் படமானது. இத்தனைக்கும் கதையின் தொடக்கத்தில் செவ்வாயில் வீசும் பலத்த புயல் நடக்கவே முடியாதது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியுடையதில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் அங்கே காற்றுக்கு அத்தனை வலு இருக்காது. கதைக்காகத் தெரிந்தேதான் வைத்தேன் என்று வியரே சொல்லியிருக்கிறார்.

தங்கள் இதழ் மாதம் ஓர் அறிவியல் கதை வெளியிட்டு, அடுத்த இதழில் ஆசிரியர்கள், பொறியாளர்கள், மாணவர்களின் திருத்தங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கலாமே? முதல் கதையை அனுப்ப நான் தயார்.

– ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளர், திருநெல்வேலி